இன்னொரு சிங்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ரஞ்சனி வாசலுக்கு வந்தபோது, கேட்டுக்கு மேலே ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ். பின்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை, அதன் முன்னே முன்னங்காலைத் தூக்கிய வெள்ளைக் குதிரை, நடுவில் தங்க நிற எழுத்து: ‘புந்தேல்கண்ட் தந்த சிங்கமே! எல். நவச்சந்திர சிங் அவர்களே! வருக! வருக!’ வழக்கமாக ஆளின் முகம் வரும் வட்டத்துக்குள், போட்டோ கிடைக்காததால், சிங்கத்தின் முகத்தை வைத்திருந்தார் அவள் அப்பா.

ஸ்டூல்மேல் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார் அரிகிருஷ்ண சிங். “எப்படி இருக்குது?” என்றார், திரும்பாமலே.

“வர்றது ஒரே ஒரு ஆளு நைனா. கட்சி மாநாடா நடக்குது?”

“இருவது வருஷமா இந்த ஊருக்கே பேனர் அடிக்கிறேன். மஞ்சத்தண்ணி, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நான் அடிச்சதுதான். என் மாப்பிள்ளைக்கு ஒண்ணு அடிக்கக் கூடாதா?”

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் இந்த வீட்டில் நடந்தது நினைவிருக்கும். சித்தப்பா விநாயக சிங் வேலூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். முப்பத்தெட்டு வயது, சொந்தமாக லாரி. ரஞ்சனிக்கு இருபத்தேழு, பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், ஒரே பெண். வேண்டாம் என்றாள். “சிங்குக்குத்தான் உன்னைக் கொடுப்பேன். செஞ்சியில இருக்கிற சிங் வீடெல்லாம் நமக்கு அண்ணன் தம்பி முறை ஆயிப்போச்சு. வேலூரை விட்டா யாரு இருக்குறா?” என்று அப்பா குரலை உயர்த்தியபோது, அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது. “நான் பாத்து வெச்சிருக்கிறவரும் சிங்குதான் நைனா.”

பெயரைக் கேட்டார். சொன்னாள். எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினாள். “பாருடி ஜெயக்கொடி, இனிஷியல்கூட நம்மள மாதிரி முன்னாடி போடுறான்!” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த ஞாயிறு அவரை வரச் சொல் என்றார். வேலூருக்கும் அதே ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்வதாக சித்தப்பா வாக்குக் கொடுத்தார்.

அவ்வளவு கேட்டவர் ஊரை மட்டும் கேட்கவில்லை. ரஞ்சனியும் சொல்லவில்லை.

அந்த ஊர் மணிப்பூர்.

*

பத்து மணிக்கு அவசர ஆர்டர் ஒன்றுக்காகக் கடையைத் திறந்தார் அரிகிருஷ்ண சிங். ரஞ்சனியும் கூடவே போனாள். அம்மா இல்லாத இடத்தில் சொல்லிவிடலாம் என்று கணக்கு. திருவண்ணாமலை ரோட்டில் ‘சிங் டிஜிட்டல்ஸ்’ போர்டுக்குக் கீழே அதற்குள் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். அவலூர்பேட்டைக்காரர், புதியவர். போர்டை ஒருமுறை பார்த்தார், அரிகிருஷ்ண சிங்கின் மழித்த முகத்தை ஒருமுறை பார்த்தார்.

“நீங்க சர்தார்ஜியா சார்? தாடியக் காணோமே?”

இந்தக் கேள்விக்கு அரிகிருஷ்ண சிங்கிடம் தயாராக ஒரு பதில் உண்டு. வாரத்துக்கு மூன்று முறை சொல்வது.

“சர்தார்ஜி எல்லாரும் சிங். ஆனா சிங் எல்லாரும் சர்தார்ஜி இல்ல. சிங்குன்னா சிங்கம். அந்தக் காலத்துல படையில இருந்தவன் பேருக்குப் பின்னால வெச்சிக்கிட்டது. ராஜஸ்தான்ல இருக்குது, பீகார்ல இருக்குது, உ.பி.யில தெருவுக்கு நாலு. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல போனவங்க பிஜித் தீவு வரைக்கும் கொண்டுபோயிட்டாங்க. நாங்க வடக்க, புந்தேல்கண்ட். தேசிங்கு ராஜாவோட கோட்டைக்கு வந்தவங்க. வந்து முன்னூறு வருஷம் ஆச்சு. இப்போ வீட்ல பேசுறது தமிழு, சண்டை போடுறதும் தமிழு.”

ரஞ்சனி சிறுவயது முதல் கேட்கும் பட்டியல். இன்று கவனமாகக் கேட்டாள். மணிப்பூர் அதில் இல்லை.

பக்கத்து பேக்கரியிலிருந்து ஜகபர் அலி எட்டிப் பார்த்தார். அவருக்கும் இந்தப் பதில் மனப்பாடம். “சிங்கண்ணே, செஞ்சியில சிங்கம் ஏது? கோட்டைமேல குரங்குதான இருக்குது?”

“அதுக்குத்தான்டா இன்னிக்கு ஒண்ணு வருது!”

அவலூர்பேட்டைக்காரர் பேனரை வாங்கிக்கொண்டு போனார். கடையில் இருவர் மட்டும்.

“நைனா, ஒண்ணு சொல்லணும்.”

“நானும் ஒண்ணு சொல்லணும்மா.” மிஷினை அணைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். “ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. முன்னூறு வருஷத்துல புந்தேல்கண்ட்லேருந்து ஒருத்தனாவது நம்மளைத் தேடி வந்திருக்கானா? இங்க இருக்கோம்னே அவங்களுக்குத் தெரியாது. நான் போன் பண்ணி யாருகிட்ட பேசுறது? அவங்க பாஷையும் எனக்கு வராது. இப்போ உன்னால ஒருத்தன் வர்றான். நம்ம வீட்டுக் கேட்டுக்குள்ள வர்றான். நீ சொல்லு, இன்னா விஷயம்?”

ரஞ்சனி வாசல் பக்கம் திரும்பினாள். “டீ சொல்லட்டுமா நைனா?”

அவள் கைப்பேசி அதிர்ந்தது. நவச்சந்திராவின் மெசேஜ்: ‘பஸ் திண்டிவனம் தாண்டியாச்சு.’

*

பதினொன்றே முக்காலுக்கு வெளிர்நீலச் சட்டை போட்ட ஓர் இளைஞர், கையில் ஸ்வீட் பாக்ஸோடு, கடை வாசலில் வந்து நின்றார். நடுத்தர உயரம். சின்னக் கண்கள், அகன்ற கன்னம், வியர்வையில் நெற்றியில் ஒட்டிய முடி.

“வாங்க தம்பி. இன்னா, பேனரா?” என்றார் அரிகிருஷ்ண சிங்.

“வணக்கம் சார். நான் நவச்சந்திரா.”

அரிகிருஷ்ண சிங் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்போடு அந்த இளைஞரின் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். “எங்க அவரு? பஸ் ஸ்டாண்ட்லயே நிக்கிறாரா? நீங்க கூட வந்தவரா?”

பேக்கரி வாசலில் நின்ற ஜகபர் அலிக்கு எல்லாம் ஒரு நொடி முன்னாலேயே புரிந்துவிட்டது. “அண்ணே,” என்றார் மெதுவாக, “அவரே இவருதாண்ணே.”

அரிகிருஷ்ண சிங் மகளைப் பார்த்தார். ரஞ்சனி தரையைப் பார்த்தாள்.

“இம்பால், நைனா. மணிப்பூர். அங்கயும் சிங் இருக்காங்க. நான் பொய் சொல்லல.”

“உண்மையும் சொல்லலியே,” என்றார் அவர்.

வீடு ஐந்து நிமிட நடை. அரிகிருஷ்ண சிங் பத்தடி முன்னாலேயே நடந்தார். கேட்டருகே நவச்சந்திரா நின்று, அண்ணாந்து, பேனரை எழுத்துக்கூட்டிப் படித்தார். “புந்... தேல்... கண்ட். அது எங்க இருக்கு சார்?”

அரிகிருஷ்ண சிங் தாழ்ப்பாளைத் தேடினார்.

“குதிரை சூப்பரா இருக்கு. எங்க ஊர்க் குதிரை இதுல பாதிதான் இருக்கும். ஆனா நல்லா ஓடும்.”

அரிகிருஷ்ண சிங் கேட்டைத் திறந்துவிட்டு, சிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

*

உள்ளே சித்தப்பா விநாயக சிங் நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார். வந்தவரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி பரவியது. வேலூர் லாரி மறுபடி ஸ்டார்ட் ஆன மலர்ச்சி.

“ஏம்மா ரஞ்சனி, சிங்குன்ன. நேபாளத்துலேருந்து கூட்டிட்டு வந்திருக்க?”

“இந்தியாதான் சார்,” என்றார் நவச்சந்திரா. கோபமில்லாமல் சொன்னார், பலமுறை சொன்ன பழக்கம் அந்தக் குரலில் தெரிந்தது. அரிகிருஷ்ண சிங் அந்தக் குரலைக் கவனித்தார். தாடி எங்கே என்று கேட்பவர்களுக்குத் தானும் இப்படித்தான் பதில் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தம்பியைப் பார்த்து, “சாப்பிட வந்தவர்கிட்ட இன்னாடா பேச்சு?” என்றார்.

அரிகிருஷ்ண சிங் சாப்பிடத் தரையில் உட்காரப் போனபோது நவச்சந்திராவின் கை தானாக நீண்டது. “மெதுவா. வலது முட்டிய அப்படி மடக்காதீங்க. நீட்டுங்க. மூச்சை விடுங்க.” ஆறு வருடமாக ரஞ்சனி வேலை பார்க்கும் அதே மருத்துவமனையின் ஃபிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொண்ட தமிழ், பாதிக்குமேல் கட்டளையாகத்தான் இருந்தது.

ஜெயக்கொடி கறிக்குழம்பை ஊற்றினாள். அவளுக்குப் பையனைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றினாள். “உங்க வீட்ல கறி சாப்பிடுவீங்களாப்பா?”

“வீட்ல மீன்தான் ஆன்ட்டி. கறி சமைக்கறது இல்ல. நான் பாண்டி வந்து கெட்டுப்போயிட்டேன்.”

“டிவியில உங்க ஊருல கலவரம்னு...”

“அம்மா, தங்கச்சி நல்லா இருக்காங்க. தினமும் பேசுறேன்.” சொல்லிவிட்டு இலைக்குக் குனிந்தார்.

விநாயக சிங் இலையை ஒதுக்கிவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“நீங்க எப்படி சிங் ஆனீங்க? ராஜபுத்திரரா?”

“இல்ல சார். நாங்க மைதேயி, மணிப்பூர் பள்ளத்தாக்கு ஜனங்க. முன்னூறு வருஷம் முன்னாடி எங்க ராஜா வைஷ்ணவரா மாறினாரு. ஜனங்களும் மாறினாங்க. அப்போதான் இந்தப் பேரு வந்துச்சு.”

“ராஜா சொன்னாரு, வெச்சிக்கிட்டீங்க. வாடகைப் பேரு.”

அதுவரை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அரிகிருஷ்ண சிங்கின் கை நின்றது. “முன்னூறு வருஷம்னா? சரியா எந்த வருஷம்?”

“ஆயிரத்து எழுநூத்தி பதினேழுன்னு ஸ்கூல்ல படிச்சேன்.”

“பதினேழா?” எச்சில் கையோடு எழுந்துவிட்டார். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. “டேய் விநாயகம்! தேசிங்கு ராஜா செத்தது பதினாலு. மூணே வருஷம்டா! இங்க ஒரு சிங் கோட்டைக்காக உசிரை விட்டுட்டுப் போறான், அங்க ஒரு ஊரே சிங்குன்னு எழுந்து நிக்குது. இது எனக்குத் தெரியவே தெரியாதே! பீகாரு, பிஜித் தீவெல்லாம் சொல்லுவேன், இதை விட்டுட்டேனே!”

“அண்ணா, நாம பரம்பரை சிங். அவங்க...”

“நாம மட்டும் இன்னாடா, அம்மா வயித்துலேருந்து பிடரி மயிரோடவா வந்தோம்? நமக்கும் ஒரு ராஜா என்னிக்கோ சொல்லியிருப்பான். நமக்கு மறந்துபோச்சு, அவருக்கு ஞாபகம் இருக்குது. அவ்ளோதான் வித்தியாசம்.”

ஜெயக்கொடி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

விநாயக சிங் விடவில்லை. “உங்க வீட்டுப் பொம்பளைங்களும் சிங்கா?”

“இல்ல சார். ஆம்பளைங்களுக்கு சிங். பொம்பளைங்களுக்கு தேவி. என் தங்கச்சி ரொமிதா தேவி.”

“ஆங்!” அரிகிருஷ்ண சிங் சுவரைத் தட்டினார். “நம்ம வீட்லயும் அதேதான தம்பி! ஆம்பளைக்கு சிங், பொம்பளைக்கு பாய். இவ ஜெயக்கொடி பாய், உள்ள நிக்குறது ரஞ்சனி பாய். எங்கியோ மூலையில இருக்குற ஊரு, பாரேன்!” கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “விநாயகம், வேலூருக்கு போன் போட்டு சொல்லிடு. சிங்குக்குத்தான் கொடுப்பேன்னு சொன்னேன். சிங் வந்துட்டாரு. என் வார்த்தையும் நின்னுச்சு, என் பொண்ணு வார்த்தையும் நின்னுச்சு.”

ரஞ்சனி உள்ளறையிலிருந்து நிலைப்படிக்கு வந்தாள். ஜெயக்கொடி பாயசத் தம்ளரை நவச்சந்திராவிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். குடிக்கவில்லை. கீழே வைத்தார்.

“சார், நான் ஒண்ணு சொல்லணும்.”

அந்த முகத்தைப் பார்த்ததுமே ரஞ்சனிக்குத் தெரிந்துவிட்டது. பாண்டி கடற்கரையில் இரண்டு முறை அவர் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். யோசனை என்றுதான் நினைத்திருந்தாள்.

“நான் பேரை மாத்த மனு கொடுத்துட்டேன். அடுத்த மாசம் கெஜட்ல வந்துடும். சிங் போயிடும்.”

அரிகிருஷ்ண சிங் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

“ஏம்பா?” என்றாள் ஜெயக்கொடி.

“எங்க ஊர்ல நிறையப் பேரு விட்டுட்டாங்க ஆன்ட்டி. ராஜா சொல்றதுக்கு முன்னாடியே எங்களுக்கு ஒரு குடும்பப் பேரு இருந்துச்சு. அது போதும்னு இருக்கு எனக்கு. சிங் மேல கோபம் இல்ல.”

“கல்யாணம் முடிஞ்சு மெதுவா சொல்லியிருக்கலாமே?” என்றாள் ஜெயக்கொடி.

“சிங்குன்னு சொல்லிப் பொண்ணு வாங்கிட்டு, அப்புறம் எடுத்துட்டா அது ஏமாத்து இல்லையா?” அவர் அரிகிருஷ்ண சிங்கைப் பார்த்தார். “சார் இவ்ளோ சந்தோஷப்படுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அதான் இப்பவே சொல்றேன்.”

விநாயக சிங் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “போச்சா? அண்ணா, இப்ப உன் வார்த்தை எதும்மேல நிக்குது? நான் இதெல்லாம் எதிர்பார்த்தேன். அதனாலதான் வேலூர்காரங்கள நேரா வரச் சொல்லிட்டேன். வர்ற வழியில சேத்துப்பட்டுல டீ குடிக்கிறாங்களாம். முக்கால் மணி நேரத்துல வாசல்ல நிப்பாங்க.”

“யாரைக் கேட்டுடா வரச் சொன்ன?”

“நீதான சிங்குக்குத்தான் கொடுப்பேன்ன? ஒரிஜினல் சிங் வருது. கொடு.”

காலையிலிருந்து இருந்த அத்தனை ஆட்டமும் அரிகிருஷ்ண சிங்கின் முகத்திலிருந்து இறங்கியது. சொன்ன சொல்லில் மாட்டிக்கொண்ட மனிதர், மகளைப் பார்க்க முடியாமல் மருமகனாக வந்தவர் வாசலில் கழற்றிய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஞ்சனி நிலைப்படியை விட்டு நடு அறைக்கு வந்தாள்.

“நைனா, நான் வேலூர்காரரைக் கட்டிக்கிட்டா, யாரு வீட்டு சிங் வளரும்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்க வீட்டு சிங். நம்ம வீட்டு சிங் உங்களோட நின்னுடும். எனக்கு அந்தப் பேரை நீங்க வெக்கவே இல்லியே. சர்ட்டிஃபிகேட்ல ரஞ்சனி பாய், ஆஸ்பத்திரி பேட்ஜ்ல ரஞ்சனி பாய். எங்கிட்ட இல்லாத பேருக்காக நான் எதுக்கு ஒரு லாரியில ஏறணும்?”

“மரியாதையா பேசு,” என்றார் சித்தப்பா.

“நீங்க இருங்க சித்தப்பா.” அவள் அப்பா பக்கம் திரும்பினாள். “அவரு பேரு, அவரு விடட்டும். அது அவங்க ஊரு விஷயம். நான் எடுத்துக்குறேன். நாளைக்கே மனு போடறேன். ரஞ்சனி சிங். இந்த வீட்டு சிங் நான்தான். நீங்க சிங்குக்குக் கொடுக்க வேணாம் நைனா. சிங்கைக் கொடுங்க.”

“பொம்பளைக்கு சிங்கா? நம்மள்ல எங்கயாவது நடந்திருக்கா?” விநாயக சிங் எழுந்துவிட்டார். “அண்ணி, நீங்களாவது புத்தி சொல்லுங்க!”

ஜெயக்கொடி எச்சில் இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த முப்பது வருடத்தில் இந்த வீட்டில் ஆண்கள் எடுத்த முடிவை அவள் எதிர்த்துப் பேசியதில்லை. தலையைத் தூக்காமலே மகளிடம் சொன்னாள்: “மனு ஃபாரம் ரெண்டா வாங்கிட்டு வா. எனக்கும் ஒண்ணு.”

விநாயக சிங்கின் கைப்பேசி அடித்தது. வேலூர் நம்பர். திரையை அண்ணனுக்கு நேராகக் காட்டினார். “கிளம்பிட்டாங்க போல. இன்னா சொல்லட்டும்?”

“இரு.”

“போன் அடிக்குதுண்ணா!”

“இருடா!”

கைப்பேசி அடித்து ஓய்ந்தது. அரிகிருஷ்ண சிங் நாற்காலியை இழுத்து நவச்சந்திராவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். வலது முட்டியை நீட்டி வைத்துக்கொண்டார். ஒரு வாரமாக அந்தப் பெயரைப் பேப்பரிலும் கம்ப்யூட்டரிலும் ஃப்ளெக்ஸிலும் எழுதியவர், அதன் கடைசிச் சொல்லைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“சிங்கை எடுத்துட்டா,” என்றார், “மிச்சம் உன் பேரு இன்னா தம்பி?”

“லைஷ்ராம் நவச்சந்திரா.”

“லை... லைஸ்...”

“லைஷ்ராம், சார்.”

விநாயக சிங்கின் கையில் கைப்பேசி மறுபடி அடிக்கத் தொடங்கியது. அரிகிருஷ்ண சிங் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இன்னொரு வாட்டி சொல்லு,” என்றார்.